மூன்று ஈர்க்கும் ஒரு தயிர்முட்டியும்

ஜீப்புக்குச் சொக் - குலுக்கத்தை வாங்கிக்கொள்கிற குழாய் - மாற்ற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரிடம் வாயைத் திறந்தாலும் திரும்பி வருகிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை மூடை ஏற்றுவீர்கள்? மெக்கானிக் கேட்டார். மட்டக்களப்பு நகரத்தில் வண்டிப் பாட்ஸ் கடை வைத்திருக்கும் நானா - முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம் - கேட்டார். டீசல் அடிக்க நின்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர், நான் யாரோடோ போனில் பேசியதை ஒட்டுக் கேட்டுவிட்டு, அவரும் கேட்டார். நெல் விளைகிற மண்ணில் வண்டியின் பலத்தை வேறு எதைக் கொண்டு அளப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏற்ற நினைத்தது மூடையை இல்லை. என் வீட்டுக்காரரை.

எங்கள் வீடு செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். வயல் வாவிக்கு அக்கரையில், சூரியன் படுகிற படுவான்கரையில். வயல் என் தாய்வழியில் எனக்கு வந்தது. இங்கே வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். இவர் கடற்கரைப் பக்கம் வலை இழுத்த குடும்பத்து ஆள். கலியாணம் முடித்து வந்த புதிதில் நெல்லையும் புல்லையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் சிரித்துச் சிரித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது எங்கள் வட்டையில் - பலபேருடைய வயல்கள் ஒரே வெளியாகக் கிடக்கும் பரப்பை வட்டை என்போம் - எந்த வரம்பில் நண்டு பொந்து வைத்திருக்கிறது என்று கேட்டால் வீட்டில் இருந்தபடியே சொல்லுவார். காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் பெயர். மண்ணில் இருப்பது அவருடைய கால்.

ஜீப் பழையது. முன்னும் பின்னும் தகடு ஸ்பிரிங். மாரியில் வட்டைக்குப் போகிற கிரவல் பாதையை வெள்ளம் மூடிவிடும். மதகுகளின் இரண்டு பக்கமும் மண் கரைந்து படிபோல விழுந்துவிடும். ஒரு மாரியில் நடு வெள்ளத்தில் ஜீப் நின்று, உழவு இயந்திரம் கட்டி இழுத்து வந்த அவமானத்துக்குப் பிறகு, இவர் ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூட்டி, அதைத் தாங்கும் தொங்கலையும் நீட்டி, ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினார். யாரையும் கையை வைக்க விடவில்லை. தானே செய்தார். அடுத்த மாரிக்கு வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போய் வந்தது. ஊரே பார்த்தது. ஜீப்போடு சேர்த்து அவருடைய நடையும் இரண்டு அங்குலம் உயர்ந்துபோனதாக எனக்கு ஒரு எண்ணம். நானும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன், வெளியில் காட்டவில்லை.

பிறகு ஒரு நாள் தண்ணீர்ப் பம்பைத் தனியாகத் தூக்கினார். பக்கத்தில் நான் நிற்கிறேன், ஒரு கை பிடி என்று கேட்டால் என்ன? கேட்கமாட்டார். முள்ளந்தண்டில் தட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரி, பெல்ட், பயிற்சி என்று மாதக்கணக்கில் போனது. ஒருவழியாக எழும்பி நடக்கத் தொடங்கினார். நடக்கலாம், இருக்கலாம், பஸ்ஸில் போகலாம், குலுக்கம் மட்டும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வயலுக்குப் போகிற பாதையில் குலுக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதிருந்து ஜீப் ஓடுவது நான். முதல்முறை அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போனபோது, முதலாவது மதகைத் தாண்டி இறங்கியதும் கீழே இரும்பும் இரும்பும் மோதியதுபோல 'டக்' என்று ஒரு அடி. அவர் முகம் வெளுத்துவிட்டது. திருப்பிக்கொண்டு வந்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாததால்தான் அவருக்கு நோகிறது என்று நினைத்து, உடைத்துக் கிடந்த ஒரு பழைய பஸ்ஸில் இருந்து இரும்புக் கைபிடி ஒன்று வாங்கி, அவர் தலைக்கு மேலே ஒட்டுவித்தேன். இரண்டாவது தடவை அந்தக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். விரல் கணுவெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதே மதகில் அதே அடி. "திருப்பு புள்ள," என்றார். அதற்குப் பிறகு வாறீங்களா என்று நான் கேட்கவில்லை, வாறன் என்று அவரும் சொல்லவில்லை.

பின்னேரங்களில் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி இருப்பார். அங்கே இருந்து வயல் தெரியாது. தெரியாததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வயல்காரர் நல்ல மனிதர். எனக்குத் தம்பி முறை. நிலைமையைப் பார்த்துவிட்டு, வயலைக் குத்தகைக்குத் தாருங்கள், விதைநெல்லையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். ஒருமுறை கொடுத்தால் லேசில் திரும்பாது. அவரும் அதை ஒளிக்கவில்லை. மழை இறங்குவதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள், வெற்றிலையோடு வருகிறேன் என்றார். வெற்றிலை கை மாறிவிட்டால் சொல் மாறக்கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஏதாவது சொல்லுவதற்குள் இவர், "குடுப்பம் புள்ள. தரிசாக் கிடக்கிறதுக்கு அவனாவது செய்யட்டும்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு வயல் பெரிசில்லை. நெல்லைக் கடையில் வாங்கலாம். ஆனால் இந்த மனிதன் மிச்ச ஆயுளையும் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் கழிப்பதா? விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளே பாட்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்கார நானா காத்தான்குடிக்காரர். வாய் நிறையத் தங்கச்சி என்பார். அவரிடம் இரண்டு விதமான சொக் இருந்தது. ஒன்று காற்றழுத்தம் நிரப்பியது. இறுக்கம், பாரத்துக்கு நல்லது. மற்றது வெறும் எண்ணெய், மெதுவானது. எத்தனை மூடை என்றார். மூடை இல்லை நானா, ஒரு ஆள், முதுகு நோவுக்காரர் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ஜீப்புக்கு மூடைக் கணக்கு இல்லாமல் எப்படித் தங்கச்சி என்றார். அதில் தொடங்கியது சண்டை. ஒரு மனிசனுடைய முதுகுக்குக் கணக்குச் சொல்லத் தெரியாதா என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த ஆட்கள் வெளியில் நின்றே எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபிக்கவில்லை. எந்தச் சொக்கை யார் யாருடைய வண்டிக்குப் போட்டுக் கொடுத்தேன் என்று சொல்லுகிறேன், ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நல்ல யோசனைதான். அதை முதலே சொல்லியிருந்தால் என் தொண்டை மிஞ்சியிருக்கும்.

ஏறிப் பார்ப்பது சரி, எதை வைத்துப் பார்ப்பது? என் முதுகு நல்ல முதுகு. எனக்கு நோகாதது அவருக்கு நோகாது என்று எப்படிச் சொல்லுவது? இந்த யோசனையோடு வயலுக்குப் போய்வரும்போது, மாட்டுப்பட்டிக்காரர்களிடம் வழக்கம்போல ஒரு முட்டி எருமைத்தயிர் வாங்கினேன். அகலவாய் வைத்த மண்முட்டியில் கல்லுப்போல உறைந்திருக்கும். பக்கத்துச் சீற்றில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியிருந்த கடதாசியை எடுத்துப் பார்த்தால், பாளம் பாளமாக வெடித்துத் தண்ணீர் விட்டிருந்தது. எங்கள் ஜீப்பில் வந்த தயிர் ஒருநாளும் முழுசாக வந்ததில்லை. அப்போதுதான் மூளையில் பட்டது. அவர் இருக்கிற அதே இடத்தில் தயிர் இருந்து வந்திருக்கிறது. தயிர் வெடிக்காமல் வந்தால் அவரும் வெடிக்காமல் வருவார்.

பிறகென்ன, தயிர்முட்டியும் கையுமாகத் திரிந்தேன். இறுக்கமான சொக் போட்டிருந்தது ஒரு அரிசி ஆலைக்காரருடைய ஜீப். அவரே வந்து வண்டி ஓடினார். முட்டியை முன் சீற்றில் வைத்துவிட்டு நான் பின்னால் ஏறியதும், பெண்பிள்ளை தயிருக்கு முன் சீற் கொடுக்கிறது, எனக்குத் தேத்தண்ணிகூடத் தரவில்லை என்று பகிடி பண்ணினார். எங்கள் பாதையில், எங்கள் மதகுகளுக்கு மேலால் போனோம். பார்த்தால் தயிர் மூன்று துண்டு. மெதுவான சொக் போட்டது ஒரு மீன் ஏற்றுகிற பிக்கப். அது மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் தோணிபோல ஆடிக்கொண்டு போனது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரைக்கும் ஆட்டம் நிற்கவில்லை. எனக்குக் குடலைப் புரட்டியது. ஆனால் தயிர்? வைத்தது வைத்தபடி, கீறல்கூட இல்லை. அந்த முட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்து, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தாய்போல நின்றேன். அவர் ஒரு கரண்டி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, நல்ல தயிர் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சரிவந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

மெதுவான சொக்கையே வாங்கினேன். எங்கள் ஜீப்பின் வகையைச் சொல்லி, அதற்கு வருகிற அதே அளவு. சந்தியில் இருக்கும் மெக்கானிக் நாலையும் மாட்டித் தந்தார். வெள்ளிக்கிழமை வெற்றிலையோடு வருவதாகப் பக்கத்து வயல்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அதற்கு முன் என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். முதலில் ஒரு முட்டித் தயிரைச் சீற்றில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

கிரவல் ரோட்டில் பஞ்சுமாதிரி ஓடியது. எனக்குப் பாட்டுக்கூட வந்தது. முதலாவது மதகு. ஏறினேன், இறங்கினேன். 'டக்.' அதே அடி. பல்லுக்குப் பல் மோதியது. நிறுத்திக் கடதாசியைத் தூக்கிப் பார்த்தேன். தயிர் நடுவால் பிளந்து தண்ணீரில் மிதந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. திருப்பிக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போய், நீங்கள் மாட்டியது சொக்கா உலக்கையா என்று கேட்டேன். அவர் பாவம், கீழே படுத்துப் பார்த்து, மாட்டினதில் ஒரு பிழையும் இல்லை அக்கா என்றார். இல்லைதான். வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் எறிந்தேன். தயிர்முட்டியை அவருக்கு முன்னால் 'டொக்' என்று வைத்தேன். அவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்த முழுக்கதையையும், ஆலைக்காரர், மீன்வண்டி, மூன்று முட்டித் தயிர், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். எல்லாம் உங்களுக்காகத்தான், ஆனால் உங்கள் தலையெழுத்து இந்தப் பிளாஸ்டிக் கதிரைதான்போல என்றும் சொல்லிவிட்டேன். கோபத்தில் நாக்கு நிற்காது எனக்கு.

அவர் சிரித்தார். முதலில் வாய்க்குள்ளே, பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு. எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தார் என்று நினைத்து என் கோபம் பாதியாய்ப் போனது. மீதிப் பாதியை விடாமல் வைத்துக்கொண்டு, என்ன இளிப்பு என்றேன்.

"தயிருக்கு முதுகெலும்பு இல்ல புள்ள," என்றார். "அது ஆட்டத்தத் தாங்கும். அடியைத்தான் தாங்காது. எனக்கு ரெண்டும் கூடாது. நீ தோணியில என்னை ஏத்தப் பாத்திருக்காய்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "அந்த அடி, மதகில ஏறக்குள்ளயா வந்தது, இறங்கக்குள்ளயா?"

யோசித்தேன். ஏறும்போது இல்லை. தாண்டி, முன்சில்லு பள்ளத்துக்குள் விழும்போதுதான். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அது இறுக்கம் இல்ல," என்றார். "நீளம். ஜீப்ப நான் ரெண்டு அங்குலம் உயத்தினன். சொக்க மாத்தல்ல. பழைய நீளத்திலயே விட்டுட்டன். சில்லு கீழ போகக்குள்ள சொக் எட்டாமப் போய் இழுபட்டு நிக்குது. அந்த அடிதான். நீ புதுசா வாங்கினதும் அதே நீளம்." அதற்குப் பிறகு மெல்லச் சொன்னார், "என்ட முதுகுக்கு நானே அடிச்சிருக்கன்."

பம்பைத் தூக்கினது நீங்கள், சொக் இல்லை என்று நான் அவரைத் தேற்றினேன். தேற்றல் மாதிரி அது கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஆனால் அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. எழும்பி ஜீப்படிக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக் கதிரையையும் தூக்கிக்கொண்டு போனார். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவுதான், பின்னால் என்றால் பாரம் ஏற்றி அளக்கலாம் என்று, அதைப் பின்சில்லுக்குப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டு, என்னைக் கீழே படுக்கச் சொன்னார். எனக்கு வேலை தருகிற குரலில் அந்த மனிதன் பேசி எவ்வளவு காலம். நான் ஒரு பழைய பாயைப் போட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் படுத்தேன்.

சொக்கைப் போல்ட் போட்டு மாட்டுகிற மேல் கண்ணில் இருந்து கீழ்க் கண்வரை அளக்க வேண்டும். அளவுநாடா தேடினால் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போவதற்கென்றே அளவுநாடா வாங்குகிறோம். விளக்குமாற்றில் இருந்து ஈர்க்கு உருவிக் கொடுத்தார். ஜீப் சும்மா நிற்கும்போது வருகிற அளவுக்கு ஒரு ஈர்க்கை முறித்தேன். பிறகு ஜக் வைத்து ஜீப்பின் உடம்பைத் தூக்கி, சொக்கைக் கழற்றிவிட்டு, சில்லு தன்பாட்டில் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று இன்னொரு ஈர்க்கு. அது கழற்றிய சொக்கை முழுக்க இழுத்தால் வருகிற நீளத்தைவிட நல்லாய் நீண்டிருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மூன்றாவது அளவு, சில்லு மேலே போய் ஸ்பிரிங் முழுக்க நசிந்து ரப்பர் கட்டையில் முட்டும்போது. சொக் அதைவிட நீளமாய் இருந்தால் மேடு ஏறும்போது அதுவே நசிந்து வளைந்துவிடுமாம். ஆகவே நீளம் என்றால் கண்டபடி நீளமும் கூடாது.

ஸ்பிரிங்கை நசிக்கப் பாரம் வேண்டும். இவர் சுற்றிப் பார்த்தார். அறைக்குள் விதைநெல் மூடைகள் அடுக்கியிருந்தன, வெள்ளிக்கிழமை வெற்றிலையோடு சேர்த்துக் கொடுப்பதற்கு. "அத ஏத்து," என்றார். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு மூடைகளைப் பின்னால் ஒரு பக்கமாக ஏற்றுவித்தேன். அந்தப் பக்கத்துச் சில்லைத் தென்னங்குற்றி ஒன்றின்மேல் ஏற்றி நிறுத்தினேன். ஸ்பிரிங் உட்கார்ந்தது. மூன்றாவது ஈர்க்கை முறித்தேன். கடைசியில் மூடையும் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. நானாவின் கேள்வி சும்மா கேள்வி இல்லை.

மூன்று ஈர்க்கையும் பேப்பரில் சுருட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். இந்தமுறை அவரும் பஸ்ஸில் கூட வந்தார். அது நல்ல தார் ரோட்டு, பயமில்லை. நானா என்னைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு அடி போனார். பேப்பரை விரித்ததும் ஈர்க்குகளைப் பார்த்துவிட்டு, "சண்டைக்கு வாறதெண்டா முழு விளக்குமாத்தையும் கொண்டு வந்திருக்கலாமே தங்கச்சி," என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சொக்கை இழுத்தால் பெரிய ஈர்க்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீள வேண்டும். அமத்தினால் சின்ன ஈர்க்கைவிடக் குறைய வேண்டும். நடு ஈர்க்கில் நிற்கும்போது இரண்டு பக்கமும் போய்வர இடம் இருக்க வேண்டும். நானா ஏணியில் ஏறிப் பெட்டி பெட்டியாக இறக்கினார். ஒன்று நீளம் சரி, அமத்தினால் குறையவில்லை. ஒன்று எல்லாம் சரி, ஆனால் கண் சின்னது. கடைசியில் இரண்டு வகை தேறியது: ஒன்று இறுக்கம், மற்றது நடுத்தரம். இரண்டையும் நிலத்தில் நிறுத்தி, கையால் அமத்தி விட்டுப் பார்த்தோம். இறுக்கமானது என் முழுப் பாரத்துக்கும் லேசாகத்தான் பதிந்தது, விட்டதும் துள்ளி எழும்பியது. மற்றது அமத்த அமத்தப் போனது, விட்டதும் யோசித்து யோசித்து எழும்பியது. இவர் அதையே மூன்று நாலு தரம் அமத்தி விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த எழும்புதல் அவருக்குப் பிடித்துவிட்டது.

"இது காணும்," என்றார்.

மூடை ஏத்தினால் கொஞ்சம் பதியும் என்று நானா எச்சரித்தார். பதியட்டும், மூடைக்கு முதுகு நோகாது என்றேன் நான். முதலில் வாங்கி மாட்டிய நாலு சொக்கையும் துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். இனி வாய் காட்ட மாட்டீங்க எண்டா மாத்தித் தாறன் தங்கச்சி என்று சொல்லி, நானா மாற்றித் தந்தார். நல்ல மனிதர். அவரை நான் பேசியதெல்லாம் அதிகம்.

மெக்கானிக் புதியதை மாட்டித் தந்த பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். வெற்றிலை பின்னேரம் வரும். நான் சொல்லாமலே அவர் வந்து ஏறினார். வழியில் பட்டிக்காரரிடம் நிறுத்தி ஒரு தயிர்முட்டி வாங்கி அவர் மடியில் வைத்தேன். இது எதற்கு என்றார். சாட்சிக்கு என்றேன். அவர் ஒரு கையால் முட்டியையும் மற்றக் கையால் பஸ் கைபிடியையும் பிடித்துக்கொண்டார். விரல்கள் மறுபடி வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

மதகு வந்தது. முதலாவது கியரில் எறும்பு போல ஏறினேன். இறங்கினேன். முன்சில்லு பள்ளத்துக்குள் போனது. போய், மெல்ல நின்று, மெல்ல எழும்பியது. சத்தமே இல்லை. நான் மூச்சை விட்டேன். அவர் கண்ணைத் திறந்து, கடதாசியைத் தூக்கித் தயிரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாடு கூட நம்மள முந்திப் போகுது," என்றார். "கொஞ்சம் ஓடன்."

இரண்டாவது மதகில் வேகம் கூட்டி ஓடினேன். மூன்றாவதில் இன்னும் ஓடினேன், சந்தோசத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஓடிவிட்டேன். ஜீப் சில்லைத் தூக்கி வைத்தது. தயிர் முட்டியைவிட்டு எழும்பி, அவருடைய சாரனிலும் சேட்டிலும் ஒரு பங்கு தாடியிலும் விழுந்தது. பயந்துபோய் பிறேக் அடித்தேன். முதுகு, முதுகு என்று கத்துகிறேன் நான். அவர் தாடியில் இருந்த தயிரை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை, ஓடு என்று கையைக் காட்டுகிறார். முதுகு நோகவில்லை. தயிர்தான் போய்விட்டது.

வட்டையில் இறங்கி, வாய்க்கால் தண்ணீரில் சாரனைக் கழுவிக்கொண்டார். பிறகு வரம்பில் நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு அடியாக, யாரையும் பிடிக்காமல். நான் ஜீப்படியிலேயே நின்றேன். நடுவில் ஓரிடத்தில் நின்று காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். நண்டுப் பொந்தாக இருக்கும். போனை எடுத்தார். காற்றில் அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"தம்பி, பின்னேரம் வா, தேத்தண்ணி குடிப்பம். வெத்தில வேணாம். நாங்களே விதைக்கிறம்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் திரும்பி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவருக்கு என்ன, தெரிந்துதான் இருக்கும்.

திரும்பி வரும்போது அவருக்கு வாய் மூடவில்லை. அந்த வயலுக்கு வரம்பு கட்டிய விதம் சரியில்லை, இந்த வாய்க்காலில் சல்பீனியாக் களை அடைத்துக் கிடக்கிறது, அங்கே யாரோ மேட்டை வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். மற்றக் கை மடியில் வெறும் முட்டியின்மேல் கிடந்தது. மதகுகள் வந்தன, போயின. கடைசி மதகில் ஜீப் ஒருமுறை எழும்பி அமர்ந்தபோது அவர் நிமிர்ந்து மேலே பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இஞ்சேர்," என்றார், "இந்தக் கைபிடியக் கழட்டிப் போடு. தலையில இடிக்குது."